ஏழாம் எண் மிதவை

பேசத் தொடங்கும் முன் ஒரு வாய் வெந்நீர் குடிப்பது என் வழக்கம். குளிர்ந்த நீர் குரலைக் கெடுத்துவிடும். துறைமுக ரேடியோ அறையில் இருபத்திரண்டு வருடம் குரலை வைத்தே பிழைத்தவன் நான்.

தினமும் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கடல் எச்சரிக்கைகளை வாசிப்பேன். எந்த விளக்கு எரியவில்லை, எங்கே மரக்கட்டை மிதக்கிறது, எந்த மிதவை இடம் மாறியிருக்கிறது, எல்லாம். காதில் விழுந்ததென்று படகுகள் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. யாரும் சொல்லமாட்டார்கள். அதற்காக நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

பயணிகள் படகை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. நல்லவன்தான், வாய் கொஞ்சம் நீளம். போன மாதம் அவன் வீட்டு விருந்தில் என்னைப்போலவே மூக்கால் பேசிக் காட்டினான். “கவனிக்கவும், கவனிக்கவும். கடலில் தண்ணீர் இருக்கிறது.” எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரோந்துப் படகிலிருந்து தகவல் வந்தது. ஏழாம் எண் மிதவை நங்கூரத்தோடு இழுபட்டு, பாறைத் திட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பாறை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். அந்த மிதவையைப் பார்த்துத்தான் எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். சீட்டில் தெளிவாக எழுதினேன், நேரமும் குறித்தேன். பத்து மணிக்கு மற்ற ஐந்து எச்சரிக்கைகளையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். இந்தச் சீட்டு மட்டும் என் சட்டைப்பையில் இருந்தது.

படகின் அடியில் ஒரு கீறல் விழும், அவன் நாலு பேர் முன்னால் தலைகுனிவான், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நான் பொய் சொல்லவில்லை. வாசிக்காமல் விட்டேன். இரண்டும் வேறு.

நீங்கள் எப்படியும் பதிவைக் கேட்டிருப்பீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பத்தேகாலுக்கு அவன் ரேடியோவில் கூப்பிட்டான்.

“அத்தான், அன்னைக்கு நான் பண்ணினதுக்கு அக்கா நல்லா திட்டிட்டா. தப்புதான், மனசுல வெச்சுக்காதீங்க. இன்னைக்குக் கூட்டம் வேற அதிகம். வழியில ஏதாவது இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.”

இத்தனை வருடத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

“ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. நிம்மதியா போயிட்டு வாங்க” என்றேன்.

பதினொரு மணிக்குப் படகு பாறையில் மோதிப் பிளந்தது. முப்பத்தொரு பேர் செத்தார்கள். அவனை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள்.

துவைக்க எடுத்த சட்டையில் என் மனைவி சீட்டைப் பார்த்தாள். இரண்டு தடவை படித்தாள். சட்டையை நாற்காலியில் மடித்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு ஏழாம் எண் மிதவையைப் பற்றி வாசித்தேன். எல்லாப் படகுக்காரர்களும் ஒருவர்பின் ஒருவராகப் பதில் சொன்னார்கள், ஒருவர்கூட விடுபடவில்லை. அதன்பிறகு அந்த வழியில் ஒரு விபத்தும் நடக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.