பதினஞ்சு இஞ்ச் வீல்

பதினஞ்சு இஞ்ச் வீல் போட்டா பால் வேன் மாதிரி இருக்கும் ஜோதி, ஃபேக்டரி கேட்ல வாட்ச்மேன் கூட சல்யூட் அடிக்க மாட்டான்... எழுத்து மாறாம எங்க வீட்டுக்காரர், உங்க தோஸ்த், சொன்னது இதான், ஷபீ பாய். காலைல ஆம்பூர்ல வண்டில ஏறும்போது சொன்னார். இங்க வேலூர்ல எறங்கும்போதும் சொன்னார். கதவ மூடிட்டு, கண்ணாடியத் தட்டி எறக்கச் சொல்லி, மூணாவது தடவயும் சொன்னார். நேரா உங்க கடைக்கு வந்துட்டேன்.

டீயெல்லாம் வேணாம். பன்னண்டு மணிக்கு அவரத் திரும்ப ஏத்திக்கணும். இங்கதான், பக்கத்துல ஒரு வேலையா இருக்கார். அதுக்குள்ள நாலு வீலும் மாத்தியாகணும்.

அவரக் கேக்காமயான்னு முழிக்காதீங்க. இந்தப் பதினேழு இஞ்ச் அலாய் வீல நீங்க அவர் தலைல கட்டினப்போ என்னக் கேட்டீங்களா? வாசல்ல கொண்டாந்து நிறுத்தறாரு, டயரப் பாத்தா ரிம் மேல ரப்பர் பேண்ட் மாட்டின மாதிரி இருக்குது. அது பத்தாதுன்னு ஸ்பிரிங்க மாத்தி வண்டியக் கீழ எறக்கிட்டார். ஆம்பூர்லருந்து இங்க வர்றதுக்குள்ள எத்தன ஸ்பீட் பிரேக்கர்னு என் முதுகெலும்பக் கேளுங்க, வரிசையா ஒப்பிக்கும்.

தோல் ஒட்டின கதைய உங்ககிட்ட சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டாரே! வண்டியத் திருப்பினா டயர் உள்ள உரசி கரகரன்னு சத்தம். வேற யாராயிருந்தாலும் டயர மாத்துவாங்க. இவருதான் ஷூ கம்பெனில சோல் ஒட்டற செக்‌ஷன் சூப்பர்வைசராச்சே. கழிச்சுப் போட்ட தோல் நாலு துண்டு எடுத்தாந்து, சோல் பசையத் தடவி, மட்கார்டு உள்பக்கம் ஒட்டிட்டார். எக்ஸ்போர்ட் குவாலிட்டி ஜோதின்னு பெரும வேற. ரெண்டு நாள் சத்தமே இல்ல. மூணாவது நாள் வெயில்ல பச எளகி, தோலு நாக்கு மாதிரி வெளிய தொங்குது. அன்னிக்குன்னு ஆலங்காயத்துல கல்யாணம். நான் பட்டுப் பொடவ கட்டிக்கினு ஜம்முனு உள்ள ஒக்காந்திருக்கேன், பின்னால ஆறு நாய் தொரத்திக்கினு வருது. மாப்ள ஊர்வலத்துல கூட அவ்ளோ கூட்டம் இல்ல பாய்.

சிரிங்க, சிரிங்க. கையும் வேல செய்யட்டும்.

இது இன்னா, பதினாறா? வேணாம். நான் படிச்ச கான்வென்ட்ல முட்டி போடச் சொன்னா முழுசாப் போடணும், பாதி முட்டின்னு ஒண்ணு கெடயாது. வீலப் பத்தி எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். ரிம் சின்னதாவணும், டயர் தடிமனாவணும், மொத்த ஒயரம் மாறக் கூடாது. மாறினா ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், எங்க வீட்ல ஏற்கனவே ஒருத்தர் சொல்றது போதும். உள்ள பிரேக்ல இடிக்குதான்னு ஒரு தடவ சுத்திப் பாத்துடுங்க. இந்த வெள்ளி கலர் வேணாம். அதோ அந்தக் கறுப்பு, அஞ்சு கம்பி வச்சது, அத எடுங்க. பால் வேன்ல அந்த மாதிரி எவனும் போட மாட்டான்.

நானா ஓட்டறேன்? ஆமா, ரெண்டு மாசமா நான்தான். பழகட்டும்னு குடுத்திருக்கேன்னு உங்ககிட்டயும் சொன்னாரா? தன் வண்டி ஸ்டியரிங்ல பெத்த பொண்ணையே கை வெக்க விடாத மனுஷன் எனக்குப் பழகக் குடுப்பாராமா?

அவர் போடற முழுக்கை சட்டையா? ஸ்டைலுன்னு நெனச்சீங்களா? இந்த வேலூர் வெயில்ல ஸ்டைலுக்கு எவன் பாய் முழுக்கை போடுவான்? டயாலிசிஸ்க்கு ஊசி போடற எடம் கைல பொடச்சிக்கினு இருக்குது, அத மறைக்கத்தான். செவ்வா, வியாழன், சனி. இப்பவும் மெஷின்லதான் இருக்கார். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் ஆவுது.

இன்னா, ஸ்பானரக் கீழ வச்சுட்டீங்க? எடுங்க பாய், மணி ஆவுது.

உங்ககிட்டயாவது சொல்லியிருப்பார்னு நெனச்சேன். ஃபேக்டரில மேனேஜர் ஒருத்தருக்குத்தான் தெரியும். திரும்பிப் போகும்போது துவண்டு போயிருப்பார். பள்ளம் வந்தா கண்ண மூடிக்கினு கதவு கைப்பிடிய இறுக்கிப் புடிச்சிக்குவார். வலிக்குதான்னு கேட்டா, வீல் என்னமா கிரிப் குடுக்குது பாருங்கறார். வீல மாத்திட்டா, கன்னியப்பனுக்கு உடம்பு போச்சுன்னு ஊரே பேசுமாம்.

இந்தப் பதினேழ வித்துடாதீங்க. ஒரு ஓரமா வைங்க. தேறினார்னா மறுபடி மாட்டிக்கட்டும், நாய் தொரத்தினாலும் பரவாயில்ல.

அவர் வெளிய வந்து வண்டியப் பாத்ததும் உங்களுக்குத்தான் போன் அடிப்பார். பழைய ரிம்ல கிராக் விட்டிருந்துச்சு, நான்தான் மாத்தினேன்னு சொல்லிடுங்க. இப்ப தடி டயர்தான் ஃபேஷன், பசங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்கன்னு சேத்துச் சொல்லுங்க. உடம்பப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொன்னா நம்ப மாட்டார், நீங்க சொன்னா நம்புவார். எப்பவும் பேசற மாதிரி, சிரிச்சுக்கினே சொல்லணும்.

சொல்லுவீங்கல்ல?

பாய்... சொல்லுவீங்கல்ல?