கொமெதீது: வலைக்கூடத்தில் கட்டுண்டவனுக்காக ஒரு சொல்

அவைத் தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! என்னோடு உப்புக்காற்றில் நரைத்த பெரியவர்களே! உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! கடலையே கலக்கும் கைகொண்ட காளையரே! கைநாட்டுக் கிழவன் சூசைமிக்கேலின் கும்பிடு!

அஞ்சி நிற்கிறேன் மக்களே, அஞ்சி நிற்கிறேன்! நம் வலையை அறுத்த விசைப்படகைக் காலையில் வளைத்துப் பிடித்தீர்கள். படகுக்காரரோடு நஷ்டஈட்டுப் பேச்சு முடியும்வரை பிடித்த ஆளை ஊரில் இருத்துவது நம் வழக்கம். சோறு போட்டு இருத்துவது வழக்கம். கட்டிவைத்து இருத்துவதா வழக்கம்? படகு டிரைவர் குமாரதாஸ் வலைக்கூடத்துத் தூணில் கட்டுண்டு கிடக்கிறான். கூட்டம் கலைந்ததும் என்ன செய்வீர்கள்? அதுதான் என் பயம்!

யாரது, "எறங்கும் ஓய்" என்று சத்தம் போடுவது? லிஜோவா? ஒன் வலை போச்சு, தெரியும் மக்கா. சொல்லீட்டு எறங்குறேன்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னே போர்த்துக்கீசுக்காரன் கப்பலில் வலை இழுத்தேன். கப்பித்தான் வாயில் ஒரு சொல் வரும்: கொமெதீது. அளவறிந்து அடங்கியவன் என்று பொருள். பேச்சுக்குச் சொல்வார், செலவுக்குச் சொல்வார், ஆளுக்கும் சொல்வார். பயந்தாங்கொள்ளிக்குச் சொல்வாரா? மாட்டார்! ஓங்க வலுவுள்ள கை ஓங்காமல் நின்றால்தான் சொல்வார். சமையல்காரன் எத்தனை கேலி செய்தாலும் நான் சிரித்துவிட்டுப் போவேன். கப்பித்தான் தோளைத் தட்டி "கொமெதீது!" என்பார். பட்டம் வாங்கியவன்போல் நடந்தேன்!

ஒருநாள் அந்தச் சமையல்காரன் என்னைப் பெற்றவளைப் பழித்தான். ஒரே அடி! கொல்லவா அடித்தேன்? தளம் ஈரம். வழுக்கினான், இரும்பில் தலை மோதியது. மூன்றாம் நாள் துணியில் சுற்றிக் கடலில் இறக்கினோம். 'வழுக்கி விழுந்தான்' என்றே எழுதிக்கொண்டார் கப்பித்தான். ஆனால் அந்தச் சொல்லை அப்புறம் அவர் என்னைப் பார்த்துச் சொல்லவே இல்லை.

என்ன பெமிலா? "இத்தன காலம் ஏன் மறச்சீரு?" என்றா கேக்க? பயம் மோளே, பயம்தான்.

இன்றைக்கு அதைவிடப் பெரும் பயம்! இங்கே எத்தனை கை! 'நான் ஓர் அடிதானே' என்று ஒவ்வொரு கையும் நினைக்குமே! வாங்குகிறவனுக்கு எத்தனை அடி? அவன் விழுந்தால், உங்களில் எவன் தன் அடியை மறந்து உறங்குவான்? நான் உறங்கினேனா?

செவிகொடுத்த சபைக்கு நன்றி. வீட்டுக்குப் போகவில்லை, வலைக்கூடத்துக்குப் போகிறேன். கட்டை அவிழ்த்து அவன் பக்கத்தில் இருக்கப் போகிறேன். முதல் அடி யாருடையதோ, அது என்மேல் விழுந்துவிட்டு அவனிடம் போகட்டும். எல்லோருக்கும் என் கும்பிடு!