எந்த எஸ்டேட்

என் தம்பி ராபின்சனுக்குக் கட்டிலில் படுத்தால் உறக்கம் வராது, சார். மஸ்கட்டில் லாரி ஓட்டிய காலத்தில் வண்டியிலேயே படுத்துப் பழகியவன். ஊருக்கு வந்ததும் ஒரு நீளமான கார் வாங்கினான். பின்சீட்டை மடக்கினால் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். பெண்சாதி செல்லபாயை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றப்போவதாகச் சொன்னான். வண்டி வந்த வருஷமே அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவன் மட்டும் அதில் குடியேறிவிட்டான். உள்ளே ஒரு மெத்தை, ஸ்டவ், கொசுவலை, இரண்டு தலையணை.

எல்லோரும் அதை நீளக்காறு என்பார்கள். அவன் மட்டும் எஸ்டேட் என்பான். அந்த மாதிரி வண்டிக்கு அதுதான் பெயராம். "அண்ணே, நானும் எஸ்டேட் மொதலாளியாக்கும்" என்று சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

வண்டியை அவன் போட்டிருந்தது சர்ச் மதிலை ஒட்டி. நான் சபைக் கமிட்டியில் இருப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஜனங்கள் வரும்போது இவன் லுங்கியோடு, வாயில் பிரஷ்ஷோடு இறங்கி நிற்பான். "தம்பிக்கு வீட்டுல எடம் இல்லியோ?" என்று என்னிடம் கேட்பார்கள். என் வீட்டில் அவனுக்கென்று ஒரு அறை ஒதுக்கி, புது ஃபேனும் மாட்டியிருந்தேன். வந்து சாப்பிடுவான்; படுக்க வண்டிக்குப் போய்விடுவான். அவமானத்தில் எனக்குத்தான் உறக்கம் போயிற்று.

கடைசியில், திருப்புறத்தில் இருக்கிற எங்கள் தென்னந்தோப்பில் வண்டியைக் கொண்டுபோய்ப் போடச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் போனான். அவன் குணத்தைப் பற்றி நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அன்று காலையில் தேங்காய் பார்க்கத் தோப்புக்குப் போனேன். நல்ல மழை. வண்டியின் பின்கதவு மேலே தூக்கியபடி இருந்தது. அவன் மெத்தையில் கிடந்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஒரு கை மட்டும் அசைந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. அண்ணே என்றுதான் சொல்லவந்தான். சாரல் அடித்து அவன் கால் நனைந்துகொண்டிருந்தது. போர்வையை இழுத்து மூடிவிட்டேன். பின்கதவையும் அடைத்தேன். அதை உள்ளிருந்து திறக்க முடியாது. மழைக்காகத்தான் அடைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் அவன் மகள் பின்சி வாசலில் நிற்கிறாள். நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிற பிள்ளை.

"பெரியப்பா, அப்பா போன் பண்ணவே இல்ல. எங்க இருக்காரு?"

"எஸ்டேட்டுல கெடக்கான், மக்கா" என்றேன்.

இதில் ஒரு சொல்லாவது பொய் உண்டா, சார்? ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் எஸ்டேட் இருக்கிறது. அவன் சில சமயம் வண்டியை அங்கே கொண்டுபோய்ப் போட்டுப் படுப்பதுண்டு. வண்டி தோப்புக்குப் போனது அவளுக்குத் தெரியாது; அந்த ரப்பர் எஸ்டேட் என்றே நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மோகனனின் ஜீப்பில் போய், இருட்டும்வரை ரப்பர் மரங்களுக்கிடையில் அப்பா, அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

மறுநாள் தேங்காய் வெட்ட வந்தவன்தான் பார்த்தான். சாயங்காலம்வரை உயிர் இருந்திருக்கும், காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். பின்கண்ணாடியில் உள்பக்கம் விரல் தடம் இருந்ததாம். நான் பார்க்கவில்லை.

ஜெயபாய் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. என் மனைவிதான், ஆனாலும் கேட்கவில்லை. நான் அவனைக் கொல்ல நினைத்ததே இல்லை. கதவை அடைக்கும்போதே ஒன்று தீர்மானித்திருந்தேன்: எந்த எஸ்டேட் என்று யாராவது ஒருவர் கேட்டால் மறைக்கக் கூடாது. யாரும் கேட்கவில்லை.

ஜீப் புறப்பட்டுப் போனதும் ஜெயபாய் அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். "அந்தக் காறைத்தானே அவரு எஸ்டேட்டுன்னு சொல்லுவாரு?" என்றாள்.

"கஞ்சி எடுத்து வை" என்றேன்.

யாரும் கேட்கவில்லை என்று நான் சொன்னது, பின்சி கேட்கவில்லை என்ற அர்த்தத்தில்தான், சார்.