கயிற்றை அழிக்க வேண்டாம்

"ஹெலி வருது! ஓடுங்கோ!"

ஓடுகிறேன். வெள்ளிக்கிழமை. காலை பத்தேகால். தலைக்கு மேலே டபடபவென்று ராணுவ ஹெலிகாப்டர். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சந்தி. கூடி நின்ற சனம் சிதறுகிறது. ஒருவன் மட்டும் ஓடவில்லை. விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். என் அண்ணன் யோகன். கால்மணி நேரத்துக்கு முன்தான் சுட்டார்கள். இரண்டு வெடி. கழுத்தில் ஓர் அட்டை. 'துரோகி.'

அவன் செய்த துரோகத்தைச் சொல்கிறேன். சைக்கிள் கடை வைத்திருந்தான். ராணுவ முகாம் சிப்பாய் ஒருவனின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினான். அவ்வளவுதான். இயக்கப் பையன்களுக்கு அது போதுமாயிருந்தது. உடலை மறுநாள்தான் தந்தார்கள். அழக்கூடாது. சடங்கு கூடாது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தாள். அடுத்த மாதம் ராணுவத்தின் ஷெல் வீட்டில் விழுந்தது. அம்மாவும் போனாள். அண்ணனின் படங்கள் எல்லாம் எரிந்தன.

நான் பிழைத்தேன். தமிழ்நாட்டுக்கு வந்தேன். இன்று பிள்ளைப்பாக்கத்தில் வாடகை அறை. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறேன். போன மாதம், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது, கூட வேலை செய்யும் செல்வி போனை நீட்டினாள்.

"அக்கா, உங்க நாட்டு படமாம். யாரோ பழைய பொட்டியில கண்டெடுத்து போட்டுகிறாங்க. இன்னா கொடுமை பாருக்கா."

விளக்குக் கம்பம், கயிறு, கழுத்தில் அட்டை. கீழே எழுதியிருந்தது: பெயர் தெரியாத துரோகி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ர அண்ணன்!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். இத்தனை வருடம் வாயைப் பொத்தியது போதும்.

வாலாஜாபாத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். செத்தவர்களின் மூடிய கண்ணைத் திறந்து, கோட்டு மாட்டிப் படம் செய்து தருவது அங்கே வழக்கம். கடைக்காரர் நல்ல மனிதர்.

"கயிறு, அட்டை எல்லாத்தையும் தூக்கிடலாம்மா. புதுச் சட்டை போட்டுடலாம். நல்லா வரும்."

"ஒண்டையும் அழிக்க வேண்டாம். அப்பிடியே பெரிசாக்குங்கோ. கீழ பேர் போடுங்கோ."

கொன்றவர்களின் வேலையை நான் ஏன் துடைத்துக் கொடுக்க வேண்டும்? சுட்ட துவக்கோடு பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரின் முகமும் அதில் தெளிவாக இருக்கிறது. இருக்கட்டும்.

படத்தைச் சுவரில் மாட்டி மாலை போட்டேன். சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து அறைப் பெண்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கும் சொன்னேன்.

போனவை இவை. ஒரு வீடு. ஒரு சைக்கிள் கடை. அம்மா, வயது நாற்பத்தாறு. அண்ணன் யோகன், வயது இருபத்துமூன்று. சைக்கிள் திருத்தியவன். துரோகி அல்ல. எழுதிக்கொள்ளுங்கள்.