நிதானமாகத் தேர்ந்தெடுத்த முன்பாய்

முன்பாய் வாங்குவதில் அவசரம் கூடாது. நடந்ததெல்லாம் நடந்த பிறகும் இந்தக் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

என் பெயர் சிவகுருநாதன். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். நானும் என் தங்கை ஜெயலெட்சுமியின் கணவன் சற்குணமும் சேர்ந்து ஒரு சிறிய பாய்ப்படகு வைத்திருக்கிறோம். பத்து மாவுங் என்ற ஊரில், கடல்பாலத்துக்குப் பக்கத்துக் கரையோரம் கட்டிக் கிடக்கும். படகை ஓட்டுவது சற்குணம். நான் கேப்டன். வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டதில் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

படகுக்கு இரண்டு பாய்கள். பாய்மரத்துக்கு முன்னால் இருப்பது இழுக்கும். பின்னால் இருப்பது கூடவே வரும். ஐப்பசி மழையில் எங்கள் முன்பாய் மேலிருந்து கீழ்வரை கிழிந்துபோனது. தானாகக் கிழிந்தது. அதில் என் கை இல்லை. செய்ததை மட்டும்தான் ஒப்புக்கொள்வேன்.

சற்குணம் அன்றைக்கே அஸ்லானைக் கூப்பிட்டான். அஸ்லான் தெலுக் கும்பாரில் பாய் தைக்கிறவன், தாய்வழியில் தமிழ்.

"மார்கழி, தை ரெண்டும் நல்ல காத்துலா, அங்கிள்," என்றான். "லங்காவி வரைக்கும் மேசைல வச்ச தண்ணி சிந்தாது. அதுக்கப்புறம் காத்து செத்துரும். சீக்கிரம் சொல்லுங்க."

லங்காவித் தீவுக்குப் போகவேண்டும் என்று கேட்டது என் தங்கை ஜெயா. அதற்குக் காரணம் நான்.

இளவயதில் தனியாளாக லங்காவிக்குப் பாய் விரித்துப் போன கதையை நான் சொல்லாத தேத்தண்ணிக் கடை லிட்டில் இந்தியாவில் கிடையாது. ஒவ்வொரு தடவையும் அலை கொஞ்சம் உயரும். அது கதையின் வளர்ச்சி, நான் குறுக்கே நிற்பதில்லை. அதில் ஓர் இடம் வரும். பாறை இடுக்கில் படகை நுழைத்தால் உள்ளே ஒரு குளம். காலையில் பச்சை, மத்தியானம் நீலம், சாயங்காலம் மயில் கழுத்து. கையை நீட்டினால் கழுகு இறங்கி வந்து மீன் வாங்கிக்கொண்டு போகும். ஜெயா கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதைக் கேட்கிறாள். ஒரு நிறத்தை மாற்றிச் சொன்னால் திருத்துவாள்.

உண்மையில் நான் எங்கள் கரைக்கு எதிரே தெரியும் ஜெரெஜாக் தீவைத் தாண்டியதில்லை. தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். அந்தக் குளம் மார்க்கெட் ஸ்ட்ரீட் நாணயமாற்றுக் கடையின் காலண்டரில் இருந்தது. படத்துக்குக் கீழே சுவிட்சர்லாந்து என்று போட்டிருந்தது. கழுகு மட்டும் என் சொந்தச் சரக்கு.

"அந்தக் குளத்த இந்த வருசமே காட்டிருங்கண்ணே," என்றாள் ஜெயா. "பிளேன்ல, ஃபெரியில எல்லாம் வேணாம். நீங்க போன மாதிரியே போவணும்."

ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். சிரித்தாள். அந்த நாட்களில் அவள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவாள். வயதானால் யாருக்கும் குறி தவறும் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் பாயின் அளவைப் பற்றி யோசித்தேன். பெரிய பாய் மெல்லிய காற்றுக்கு நல்லது. காற்று ஏறினால் இரண்டு கிழவர்களையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். சின்னப் பாய் பத்திரமானது. ஆனால் காற்று இறங்கினால் படகு பூஜையறைப் படம் மாதிரி அசையாமல் நிற்கும். சற்குணம் பெரியது என்றால் நான் சின்னது என்றேன். அவன் சின்னதுக்கு இறங்கி வந்ததும் பெரியதன் அருமைகளை எடுத்துச் சொன்னேன். இரண்டும் உண்மை. உண்மையை வைத்துக்கொண்டே இவ்வளவு நாள் தள்ளலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவரை நான் பொய்யை மட்டுமே நம்பியிருந்தேன்.

கடைசியில் சற்குணம் நடுத்தர அளவு என்று முடிவு செய்துவிட்டான். நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். அட்டமி, நவமி, கரிநாள்.

"பாய்க்குமா நல்ல நேரம் பாப்பாங்க?" என்றான் அஸ்லான். "சாதகத்தக் கொண்டாங்க, அங்கிள். காத்தோட பொருத்தம் பாத்துருவோம்."

இந்தச் சமயத்தில்தான் ஜெயாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் நூர் ஃபாத்திஹா சின்னப் பெண், நிதானமாகப் பேசுவார். பார்வை ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வருகிறது, மருந்துக்கு நிற்கவில்லை, பார்க்க ஆசைப்படுவதையெல்லாம் சீக்கிரம் காட்டிவிடுங்கள் என்று மலாயில் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

திரும்பி வரும்போது ஜெயா காரில், "அவருகிட்டச் சொல்லாதீங்கண்ணே. ராத்திரி தூங்க மாட்டாரு," என்றாள்.

சொல்லவில்லை. என்னைப் பற்றி நல்லதாக ஒன்று வேண்டுமென்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரகசியத்தைக் காப்பாற்றுவேன்.

அதற்குப் பிறகுதான் அஸ்லான் அளவெடுக்க வந்தான். அளவு நாடாவின் ஒரு முனையைக் கயிற்றில் கட்டி மர உச்சிக்கு ஏற்றினான். கீழ்முனை என் கையில். ஒரு முழம் போல நாடாவைத் தளர்த்திப் பிடித்தேன். அஸ்லான் கேட்டபோது இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றேன். தைத்து வந்த பாய் மரத்துக்கு மேல் நீண்டு, துவைத்துப் போட்ட கைலி மாதிரி தொங்கியது. அஸ்லான் நாடாவைக் குறை சொன்னான். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

அவன் வெட்டித் திருத்திக் கொண்டுவந்தபோது தைப்பூசம் நெருங்கியிருந்தது. பூசம் முடிந்த மறுநாள் கிளம்புவதாக ஏற்பாடு. ஜெயா பயணத்துக்கு ஒரு தொப்பிகூட வாங்கிவிட்டாள்.

தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் எங்களுக்குப் பழக்கமான சின்னையா ஆண்டுதோறும் தண்ணீர்ப் பந்தல் போடுவார். கூரைத்துணி கிழிந்துவிட்டது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. பாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கம்பிக்கு ஓட்டை போட வேண்டும் என்றார். கத்தரியும் கொண்டுபோயிருந்தேன். முக்கோணப் பந்தலை அவர் அதுவரை பார்த்ததில்லை. மூன்று மூலையும் நடுவில் இரண்டு இடமும் நானே வெட்டிக் கொடுத்தேன். நல்ல துணி, கத்தரி லேசில் இறங்கவில்லை.

பூசத்தன்று சற்குணம் பால்குடத்தோடு அந்த வழியாக வந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"மச்சான், அது நம்ம பாய்லா."

"முருகனுக்குக் குடுத்தாச்சு," என்றேன்.

சின்னையா சங்கடப்பட்டு, "வேணும்னா அவுத்துத் தரேண்ணே," என்றார். முருகனுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆள் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதைக் கணக்கில் வைத்துத்தான் கொடுத்தேன். சற்குணம் பாயின் நிழலில் நின்று ஒரு தம்ளர் மோர் குடித்தான். பிறகு மலை ஏறினான்.

அஸ்லான் இன்னொரு பாய் தைத்தான். அதற்குள் காற்று செத்திருந்தது. ஜெயாவுக்கு விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் ஒன்றாகியிருந்தது. அப்போதுதான் சற்குணத்துக்கும் தெரிந்தது.

ஆக, என் தங்கையின் கண் போகும் வரைக்கும் நான் பாய் வாங்கவிடவில்லை. அந்தக் குளம் அங்கே இல்லை என்பதை அவள் பார்த்துவிடக் கூடாது. காரணம் அவ்வளவுதான். இதில் என் மானமும் கொஞ்சம் இருந்தது என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் முக்கியமாக அவளுடைய சந்தோஷத்துக்காகத்தான்.

கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. சித்திரையில் ஒரு காலை அவளைப் படகில் ஏற்றினோம். பார்க்க முடியாதவளுக்கு லங்காவி வரை எதற்கு என்பது நியாயமான கேள்வி. எனக்கு வாந்தி வேறு வரும். ஜெரெஜாக்கைச் சுற்றினால் போதும் என்று சற்குணத்திடம் சொன்னேன். என்னை வெகுநேரம் பார்த்தான். பிறகு போய்ச் சுக்கானைப் பிடித்தான். புதுப் பாய், இருந்த கொஞ்சக் காற்றிலும் அழகாக நிரம்பியது. அளவு கச்சிதம்.

ஜெயா தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாறை இடுக்கு வருகிறது என்றேன். குனிந்துகொண்டாள். இப்போது குளம், பச்சையாக இருக்கிறது, வெயில் ஏற ஏற நீலம் ஆகிறது என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் சொன்னதில்லை.

"அண்ணே, லங்காவியிலயும் பாலம் கட்டிட்டாங்களா? லாரி ஓடற சத்தம் கேக்குது," என்றாள்.

"அருவிச் சத்தம்மா," என்றேன்.

"ஓ," என்றாள். சற்குணம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் பையிலிருந்து ஒரு நெத்திலிக் கருவாட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அப்ப கழுகு வரும்தானே?"

சுற்றிப் பார்த்தேன். ஒரு காக்கைகூட இல்லை. இரண்டு விரலால் அந்த நெத்திலியை மெதுவாக எடுத்தேன். அவள் சட்டென்று கையை மூடி என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். நகத்தைத் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் விடவில்லை.

"கழுகுக்கும் வயசாயிருச்சுண்ணே," என்றாள்.

முழுக்க நம்பிவிட்டாள். அதனால்தான் சொல்கிறேன், முன்பாய் வாங்குவதில் அவசரமே கூடாது.