கோட்டும் இனிப்புப் பெட்டியுமாக வந்தவர்

என் பெயர் குசாகாபே தொமொமி, வயது 51. ஷிசுவோகா மாகாணம் யாயிசு நகரில் துறைமுகத்துக்குப் பின்தெருவில் குடியிருந்து, மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை செய்து வருகிறேன். கணவர் சூரைமீன் பிடிக்கும் கப்பலில் கடலுக்குப் போயிருக்கிறார். மகள் நாட்சுனோ, வயது 20, பாலர் பள்ளி ஆசிரியைக்குப் படிக்கிறாள். காவல் நிலையத்தில் என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

எங்கள் தெரு அடுக்ககத்தில் தொகிவா கெய்ஜு என்ற கால்பந்து வீரர் தனியாக வசிக்கிறார். நடுக்கள ஆட்டக்காரர். அவர் கோல் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அணியின் பேருந்தில் கன்னம் உப்பச் சோற்று உருண்டை தின்னும் வீடியோ பரவி, பெண்பிள்ளைகள் அவர்மேல் பைத்தியமாகிவிட்டார்கள். போன மாதம் அவர் வீட்டிலிருந்து நேரலையில் பேசியபோது பின்னால் அலை போட்ட நீலத் துண்டு தொங்கியிருக்கிறது. என் மகள் எப்போதோ போட்ட படத்திலும் அதே துண்டு. ரகசியக் காதலி இப்படித்தான் ஜாடை காட்டுவாள் என்று அவருடைய ரசிகைகள் முடிவு கட்டிவிட்டார்கள். அது தெருச் சங்கம் விளையாட்டு விழாவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த துண்டு. எங்கள் வீட்டில் இப்போது அதில்தான் தரை துடைக்கிறேன். மகள் இதை விளக்கி எழுதினாள். "என்னமா நடிக்கிறா!" என்றார்கள். அதன் பிறகு அவள் கல்லூரியின் பெயர், எங்கள் வாசல் எல்லாம் இணையத்தில் வந்தன. செத்துத் தொலை என்றும் எழுதினார்கள். அதன் பிறகு அவள் கல்லூரிக்குப் போகவில்லை. வாசல் மணி அடித்தாலே குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வாள்.

அதன் பிறகு நான் அவர் கதவைத் தட்டி, "தம்பி, இவ யாருன்னே தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா" என்று கேட்டேன். அணி நிர்வாகத்தைக் கேட்க வேண்டும் என்று தலை குனிந்துகொண்டார்.

நேற்று மாலை அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் எப்படிப் போவார்களோ அப்படியே, கறுப்புக் கோட்டு, டை, நல்ல கடை இனிப்புப் பெட்டியோடு வந்து, வாசலிலேயே இடுப்பை வளைத்து வணங்கி, "எல்லாம் என்னாலதாம்மா. மன்னிச்சிடுங்க" என்றார். நானும் முறைப்படி இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக் குனிந்தேன். பெண் கேட்க வருகிறவனும் இதே கோட்டில் இதே பெட்டியோடுதான் வந்து நிற்பான் என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

எதிர்ச்சாரியில் ஒரு பெண் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். "அம்மாக்காரி சம்மதிச்சிட்டா!" என்று அதைப் பார்த்துச் சொல்லி அழுதாள். அதன் பிறகு நான் செருப்பில்லாமல் ஓடிப்போய் அந்தக் கைப்பேசியைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தேன். அவளை அடிக்கவில்லை, தள்ளவில்லை. எறிந்ததற்கு எனக்கு வருத்தமும் இல்லை. அவள் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

உள்ளே வந்தபோது மகள் சமையல் கத்தரிக்கோலால் தன் முடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். "இனிமே அடையாளம் தெரியாதுல்லம்மா?" என்று கேட்டாள்.

அதிகாரி இவ்வளவையும் எழுதிப் படித்துக் காட்டிய பிறகு, பேனாவை மூடி வைத்துவிட்டுத் தணிந்த குரலில், "தப்பா நினைக்காதீங்கம்மா, என் பொண்ணுக்கு அவர்னா உயிரு. மாப்பிள்ளைகூட நின்னு ஒரே ஒரு போட்டோ..." என்றார். அதையும் எழுதினால்தான் ஒப்பமிடுவேன் என்றேன். எழுதினார்.

படிக்கக் கேட்டேன். இதில் கண்டதெல்லாம் நடந்தபடியே உள்ளது, பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) குசாகாபே தொமொமி