கோழி நெஞ்சுக்கு ஒரு பாக்கெட்

பல்குச்சியாம் சார், பல்குச்சி! ஒரு பாக்கெட்டை வெட்டி, உள்ள சரக்கை வச்சு, வாயைப் பல்குச்சியால குத்தி மூடணுமாம். முப்பத்தோரு வருஷமாப் பாக்கெட் தெக்கிறவன்கிட்ட சொல்ற பேச்சா இது? நீங்களே சொல்லுங்க, இந்தக் கோட்டுப் பாக்கெட்டைப் பல்குச்சி குத்திக் குடுத்தா வாங்கிட்டுப் போவீங்களா? ...ஆங், ஆங், கையைத் தூக்காதீங்க. அக்குள்ல குண்டூசி இருக்கு. ட்ரையல் முடியற வரைக்கும் பொம்மை மாதிரி நிக்கணும், பத்து நிமிஷம்.

கோட்டைச் சொல்லல சார், கோழியைச் சொல்றேன். கோழி நெஞ்சுக்கறி இருக்குல்ல, எலும்பில்லாம... அதை நடுவுல கீறி, உள்ள சீஸ் வச்சு வறுக்கிறது. என் வீட்டுக்காரி கூட வேலை பாக்குற பொண்ணு ஒண்ணு இந்தச் செய்முறையை அவ போனுக்கு அனுப்பி விட்டிருக்கு. மேல என்ன போட்டிருக்கு தெரியுமா? 'வேலை முடிஞ்சு வந்து அரை மணி நேரத்துல ராத்திரிச் சாப்பாடு'ன்னு. அரை மணி நேரம்! பட்டன் ஓட்டைக்கு ஒரு காஜா ஒழுங்கா எடுக்கறதுக்கே எனக்குப் பத்து நிமிஷம் ஆகுது.

அவ பஸ் ஸ்டாண்டுல வேலை பாக்குறா. டிக்கெட் இல்ல... பஸ்ல ஜனங்க விட்டுட்டுப் போற சாமான் இருக்கே, குடை, பை, மூக்குக்கண்ணாடி, ஒத்தைச் செருப்பு, அதையெல்லாம் வாங்கி வச்சு, தேடி வர்றவங்களுக்குத் திருப்பிக் குடுக்கிற கவுண்டர். ஒருத்தர் பல்செட்டையே விட்டுட்டுப் போயிருக்காரு சார். பல்செட்டை எப்படி மறப்பாங்க? வாய்தான கேக்கும்? அவ அதையும் துடைச்சு, சீட்டு ஒட்டி, அலமாரியில வச்சிருக்கா. அறுபத்தெட்டு குடை இருக்கு அங்க. கண்ணை மூடிக்கிட்டு எது எந்த பஸ்ல வந்ததுன்னு சொல்லுவா.

ஆறு மாசமா அந்தக் கவுண்டருக்கு அவதான் பொறுப்பு. ஆனா தற்காலிகம்தான். நிரந்தரமா அவளுக்கே குடுக்கறதா, வேற ஆளைப் போடறதான்னு அவங்க மேடம் நாளைக்குச் சொல்றாங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமைதான? ...தோளைக் குலுக்காதீங்க சார். பேடு நகந்துடும்.

அதனாலதான் இந்த ஏற்பாடு. அவ வர்றதுக்கு ஏழு மணி ஆகுது, களைச்சுப் போய் வர்றா. செவ்வாயும் வியாழனும் சமையல் என்னோடதுன்னு முடிவு பண்ணோம். நானும் ஒத்துக்கிட்டேன். மொத நாலு வாரம் முட்டை அவிச்சேன். எட்டு நாளும் முட்டைதான். எட்டாவது நாளு முட்டையை உரிச்சுக்கிட்டே அந்தப் போனை எம்பக்கம் தள்ளினா.

அதோட விட்டாளா? ஆபீஸ்ல போயி, 'என் வீட்டுக்காரரு சீஸ் வச்ச சிக்கன் செய்யப் போறாரு'ன்னு பீத்திக்கிட்டிருக்கா. மேடம் உடனே, 'அப்படியா, செவ்வாய்க்கிழமை நானும் வர்றேன்'னுட்டாங்க. என்னைக் கேட்டா பீத்தினா? கேக்கல.

சரி, வந்தது வரட்டும்னு கறிக்கடைக்குப் போனேன். மூணு நெஞ்சு குடுங்க, மூணும் ஒரே சைஸ்ல வேணும்னேன். கறிக்கடைக்காரரு என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, 'கோழி என்ன அளவு குடுத்தா வளருது?'ங்கிறாரு. வீட்டுக்கு வந்து டேப்பு வச்சுப் பாத்தா ஒண்ணு ஏழே கால், ஒண்ணு ஆறே முக்கால், ஒண்ணு ஆறரை. மேடத்துக்குப் பெரிசு, எனக்குச் சின்னதுன்னு வைக்க முடியுமா? ஆல்டர் பண்ணேன். பெரிசு ரெண்டையும் சின்னதோட அளவுக்குக் குறைச்சேன். கோழியை இறக்கி விட முடியாதுல்ல சார், குறைக்கத்தான் முடியும்.

அப்புறம் சாக்பீஸ்ல கோடு போட்டேன். ஈரத்துல எங்க புடிக்குது? அழிச்சு அழிச்சு நாலு தடவை போட்டேன். சரி போன்னு, சுத்தி அரை இஞ்சு விட்டுக் கண் மட்டத்துலயே கீறிட்டேன். சமையல் கத்தியாலதான். துணிக் கத்திரியில நான் காகிதம் கூட வெட்ட விடமாட்டேன். அரை இஞ்சு விடாமலும் எதையும் வெட்ட மாட்டேன், இந்தத் தெருவுல எனக்குப் பேரே 'அரை இஞ்சு'தான். நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம் பாருங்க. கோழிக்கு அந்தக் கவலை இல்லதான்... பழகிப் போச்சு.

சீஸைத் துருவி, மிளகுத்தூளும் நசுக்கின பூண்டும் போட்டுப் பெசஞ்சு உள்ள வச்சாச்சு. இப்ப வாயை மூடணும். பல்குச்சி! எனக்கு ரோஷம் வந்துருச்சு சார். மேசை மேல என் ஊசித் துணியை விரிச்சேன். அந்தா தொங்குது பாருங்க, அந்தக் கம்பளித் துண்டு. பன்னெண்டு ஊசி, பன்னெண்டு எடம். முப்பத்தோரு வருஷத்துல ஒரு ஊசி தொலைச்சவன் இல்ல நான். நூலும் பருத்தி நூல். பாலியெஸ்டர்னா சூட்டுல உருகிடும், அந்த அறிவு எனக்கு இருக்கு. இந்தா, உங்க கோட்டு மேல வெள்ளையாப் பெரிசு பெரிசா ஓடுதே, அதே நூல்தான். கச்சாத் தையல்னு சொல்லுவோம், பின்னாடி உருவிடறதுக்காகப் போடறது. கோழிக்கும் அதுதான வேணும், தின்றதுக்கு முன்னாடி உருவிடணும்ல? கச்சாவுக்கு இஞ்சுக்கு ரெண்டு தையல் போதும். சீஸ் வெளிய வந்துடக் கூடாதேன்னு நான் எட்டு போட்டேன்.

மணியைப் பாத்தா ஆறு இருபது. நாலரைக்கு ஆரம்பிச்சேன்.

வாணலியில ரெண்டு பக்கமும் செவக்க விட்டு, தீயைக் குறைச்சு, மூடி போட்டுப் பதினெட்டு நிமிஷம். பதினெட்டு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு அடுப்பையே பாத்துட்டு நிக்கிறதா? எனக்குக் கை சும்மா இருக்காது. உங்க கோட்டை எடுத்து ஷோல்டர் பேடுக்கு ரெண்டு இழுப்பு இழுத்தேன். நீங்கதான அன்னிக்கு மூணு தடவை போன் பண்ணீங்க, திங்கக்கிழமை இன்டர்வியூ, இன்டர்வியூன்னு? ...ஆமா, சமையலறையிலதான். ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? அடுப்புக்குத் தள்ளித்தான் உக்காந்திருந்தேன். மோந்து பாக்காதீங்க சார், அது புதுத் துணி வாசனை.

ஆறே முக்காலுக்கெல்லாம் ரெண்டு பேரும் வந்துட்டாங்க. ஏழு மணின்னு சொல்லிட்டு ஆறே முக்காலுக்கு வந்து நின்னா எப்படி? போட்டது போட்டபடி உங்க கோட்டைச் சுருட்டிப் பையில திணிச்சேன், ஊசித் துணியைச் சுருட்டி ஜோபியில போட்டேன், கையைக் கழுவினேன், கதவைத் தொறந்தேன். வாசம் எப்படி வருதுங்கிறீங்க! மேடம் உள்ள வந்தவுடனே, 'உங்க வீட்டுக்காரரு நிஜமாவே சமைக்கிறாரே'ன்னாங்க. இவ மொகத்தைப் பாக்கணுமே நீங்க. கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படி ஒரு சிரிப்பை நான் பாக்கல.

மேசையில வச்சேன். நூலோட ஒரு முனையைப் புடிச்சு ஒரே இழுப்பு, சர்ருனு வந்துச்சு. ஒரு சொட்டு, ஒரு சொட்டு சீஸ் வெளிய வரல சார்! மேடம் கை தட்டினாங்க. ஃபோர்க்கால ஒரு துண்டைக் குத்தி எடுத்தாங்க. இவ என்னைப் பாத்துச் சிரிக்கிறா. நான் பழக்கத்துல ஜோபியிலேர்ந்து துணியை விரிச்சு ஊசியை எண்றேன்.

பதினொண்ணு.

திரும்ப எண்றேன். பதினொண்ணு. மேடம் கை வாய்க்கிட்ட போயிருச்சு. 'வாயில வைக்காதீங்க!'ன்னு ஒரு கத்து கத்தினேன் பாருங்க, பக்கத்து வீட்டு விளக்கு எரிஞ்சுது. ஃபோர்க்கை அவங்க கையிலேர்ந்து புடுங்கிட்டேன். வேற என்ன பண்றது, உயிரு சார்! மூணு நெஞ்சையும் நாரு நாராப் பிச்சேன். சீஸ் மேசை பூரா ஓடுது. காந்தத்தைக் கொண்டாந்து தட்டு மேலல்லாம் ஆட்டினேன். மேடத்தோட கைக்கடியாரம்தான் ஒட்டிக்கிச்சு.

ஊசி கிடைக்கல. மேடம் எந்திரிச்சு நிக்கிறாங்க, இவ எந்திரிச்சு நிக்கிறா, நான் கையெல்லாம் சீஸோட உக்காந்திருக்கேன். எனக்கு அவமானமாப் போச்சு. அந்த நேரத்துல நாக்குல சனி உக்காந்துருச்சு... 'இவதான் காலையில எடுத்திருப்பா. எடுத்த சாமானை எடுத்த எடத்துல வைக்கிற பழக்கமே இவளுக்குக் கிடையாது'ன்னுட்டேன்.

சும்மா ஒரு வார்த்தைதான சார்? அதுவும் இல்லாததைச் சொல்லல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி பை வாரைத் தெக்கிறேன்னு ஒரு ஊசியை எடுத்துட்டு சோபாவுல விட்டா. நான்தான் அது மேல உக்காந்தேன். எங்க குத்துச்சுன்னு கேக்காதீங்க.

மேடம் இவளைத் திரும்பிப் பாத்தாங்க. 'அப்படியா?'ன்னாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. பையை எடுத்து மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. சாமானைப் பத்திரமா வைக்கிற வேலைக்கு ஆள் தேடற அம்மா சார் அவங்க... அது எனக்கு அப்புறந்தான் ஒறைச்சுது.

...என்ன நெளியுறீங்க? காலரா? காலர் இருக்கட்டும், கழுத்தை நேரா வையுங்க.

அதுலேர்ந்து அவ பேசல. சண்டை போட்டாலாவது பரவால்ல, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூட இல்ல. சாதாரணமா இருக்கா, அதான் பயமா இருக்கு. ரெண்டு நாளா வீட்ல சாப்பிடல. நேத்துக் காலையில எழுந்து பாத்தா, என் தலைமாட்டுல ஒரு காகிதம். அவ ஆபீஸ் படிவம். அந்தா, ஆணியில மாட்டியிருக்கேன் பாருங்க. பொருள்: ஊசி, ஒன்று. கடைசியாகப் பார்த்த இடம்: காலியா விட்டிருக்கா. தொலைத்தவர்: காலி. கண்டெடுத்தவர்: காலி. கீழ அச்சடிச்சது, 'பொருள் கிடைத்ததும் தொலைத்தவர் நேரில் வந்து, அலுவலர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும்.' கட்டின புருஷனுக்குப் படிவம் குடுக்கிறா சார்! இது ரொம்ப அதிகமா இல்ல? தொலைத்தவர்ங்கிற எடத்துல நான் ஏன் எழுதணும்? எடுத்தவ எழுதட்டுமே? இப்பவும் சொல்றேன், அவதான் எங்கயோ...

ஏன் சார் கத்துறீங்க? எங்க? எடது தோளா? குண்டூசி அங்க நான் குத்தவே இல்லையே... இருங்க, இருங்க, அசையாதீங்க. லைனிங்கைத் திருப்பிப் பாக்கறேன். பேடுக்குள்ள என்னமோ...

...

இது என்னோடது இல்ல.

என்னோடதுதான். கச்சா ஊசி. நூல் கோத்தபடியே இருக்கு, வெள்ளை நூல். எல்லா ஊசியும் பாக்க ஒண்ணு மாதிரிதான் சார் இருக்கும், இது வேற ஊசியா இருக்கலாம்... ஆனா சீஸ். ஊசிக் காதுகிட்ட காஞ்சு போய் ஒட்டியிருக்கு. கோழி தெச்ச ஊசியில நூலைக் கழட்டாம அப்படியே உங்க பேடைத் தெச்சிருக்கேன். வாசல் மணி அடிச்சதும் ஒரு நிமிஷம்தானேன்னு இங்கயே குத்தி வச்சிருக்கேன். சார்... அவ எடுக்கவே இல்ல.

ஒரு உபகாரம் பண்ணுங்களேன். கண்டெடுத்தவர்னு ஒரு எடம் இருக்கு, அதுல நீங்க ஒரு கையெழுத்து போட்டு, ஊசி தெருவுல கிடந்துச்சுன்னு ஒரு வார்த்தை... ஏன் கோட்டைக் கழட்டுறீங்க? ட்ரையல் முடியல. கோட்டுக்கு ஒத்தைக் கைதான் வச்சிருக்கேன் இன்னும். சீஸ் ஒட்டல சார், பேடுல கொஞ்சந்தான், துடைச்சா போயிடும்! வேற பேடு வச்சுத் தர்றேன்! சார்... சார்! குடை! குடையை விட்டுட்டுப் போறீங்க!

போயிட்டாரு.

நல்ல குடையா இருக்கே... இதைக் கொண்டு போய்க் கவுண்டர்ல சேத்தா என்ன? குடை குடுக்க வந்தேன், அப்படியே எப்படி இருக்கேன்னு கேட்டுட்டுப் போலாம்னு... ம்ஹூம். 'எந்த பஸ்?'ன்னு கேப்பா. பஸ்ல விட்டதைத்தான் எடுப்பா, கடையில விட்டதுக்குக் கடைக்காரன் பொறுப்புன்னு சட்டம் பேசுவா. அதுல அரை இஞ்சு கூட விட மாட்டா. குடை இங்கயே இருக்கட்டும். அவரு கோட்டுக்கு எப்படியும் வந்துதான ஆகணும்.

பேனா எங்க... கடைசியாகப் பார்த்த இடம்: வாடிக்கையாளர் கோட்டு, எடது தோள். கண்டெடுத்தவர்: வாடிக்கையாளர். கத்தினாருன்னும் எழுதணுமோ? வேணாம். தொலைத்தவர்... தையல்காரர்னு போடவா? அப்படி ஊர்ல நாப்பது பேரு இருக்காங்க. 'கணவர்'. எழுதியாச்சு.

மணி நாலே முக்கால். கவுண்டர் அஞ்சரைக்கு மூடிடுவா. அலுவலர் முன்னிலைன்னா அந்த மேடந்தான். சத்தமா வாசிக்கச் சொன்னா என்ன பண்றது? வாசிக்க வேண்டியதுதான். அவங்க முன்னாடிதான சொன்னேன், அவங்க முன்னாடிதான் இல்லன்னும் சொல்லணும்.

ஊசியைக் காலர்ல குத்திக்கலாமா... வேணாம்டா சாமி. கையிலயே புடிச்சுக்கிட்டுப் போறேன். அவளைக் கூட்டிக்கிட்டு வர்ற வழியில முட்டையும் வாங்கணும். இன்னிக்கு வியாழக்கிழமை.